சத்தம் குறைந்த புதன்

மலையடி மடத்தில் ரசம் என்றால் அது அழகுமலையின் கை. குரல் மட்டும் அவருடையது என்று சொல்ல முடியாது. ஊரில் யாருடைய குரல் வேண்டுமானாலும் அந்தத் தொண்டையில் இருக்கும்.

சமையல்கட்டிலிருந்து, "யாரது, இன்னும் வாசல் தெளிக்கலையா?" என்று மலைத்தாயியின் குரல் வரும். கூடத்தில் படுத்திருக்கும் சீடர்கள் பதறியடித்து எழுந்து வேட்டியை இறுக்குவார்கள். தாயியோ குளக்கரையில் துணி அலசிக்கொண்டிருப்பார். ஒருநாள் தாயியே தன் குரல் உள்ளே கூப்பிடுவதைக் கேட்டு, "இதோ வந்துட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டார். அன்றைக்கு அடுப்பில் சோறு குழைந்துபோனது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மலைத்தாயி அந்த மடத்துக் குரு. அழகுமலையைவிட வயதில் இளையவர். அவர் இவரை "அண்ணே" என்பார். இவர் அவரைத் "தாயி" என்பார். யார் குரு, யார் சீடன் என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

சித்திரை முடியப்போகிற நேரம். ரெண்டு நாளாக ரசத்தில் உப்பில்லை.

"என்னண்ணே விசயம்?" என்றார் தாயி.

"செவ்வந்தி கல்யாணத்துக்கு நாள் குறிக்கணும் தாயி. பொழுது சாயச் சம்பந்தி இங்கயே வாராரு. இன்னைக்கும் நாள் சொல்லலைன்னா வேற இடம் பாத்துக்கிறோம்னு ஆள் மூலமாச் சொல்லிவிட்டாரு."

"வைகாசி பூரா கிடக்கே."

"ஜோசியர் மூணே நாள்தான் குடுத்தாரு. ஒரு வெள்ளி, அதுக்கடுத்த திங்கள், அதை விட்டா புதன். வைகாசி போனா ஆனி. மாப்பிள்ளை தலைச்சன். தலைச்சனுக்கு ஆனியில கல்யாணம் வைக்க மாட்டாங்க. அப்புறம் ஆடி. ஆவணி பொறந்ததும் அந்த வீட்டு வாசல்ல வேற பொண்ணு கோலம் போட்டுரும்."

"மகள் என்ன சொல்றா?"

"அவளுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு. அதனாலதான் எனக்குத் தூக்கம் வரலை." அழகுமலை துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒரு குத்தமும் இல்லாத நாள் எது தாயி? நீங்க சொல்லுங்க."

தாயி புளிக்கூடையை இருவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டார். ஒரு சுத்தியலை அவரிடம் தள்ளினார்.

"கொட்டை எடுத்துக்கிட்டே பேசுவோம். வெள்ளிக்கிழமைக்கு யாரு என்ன சொன்னது? அவங்க குரல்லயே சொல்லுங்க. உங்க குரல்ல சொன்னா எனக்கு நம்பிக்கை வராது."

அழகுமலைக்கு அந்தக் கவலையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. முதுகை நிமிர்த்தினார். மூத்த அண்ணன் சோணைமுத்து வந்து உட்கார்ந்தார்.

"ம்ஹ்ம். வெள்ளியா? அன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம். குடும்பத்துக்கு மூத்தவன் சந்திராஷ்டமத்துல சந்தனக் கிண்ணத்தைத் தொட்டா வெளங்குமா? என்னமோ, யோசிச்சுச் செய்ங்கப்பா. சொல்றதைச் சொல்லிட்டேன்."

தாயி ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"திங்கள்?"

கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. முந்தானை இல்லாத தோளில் முந்தானை ஏறியது. தங்கை இருளாயி.

"எனக்கென்னண்ணே, நான் கட்டிக்குடுத்துப் போனவ. திங்கக்கிழமை எங்க மாமனாருக்குத் திதி. உனக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன். இல்லை போல. இருக்கட்டும். நல்லா நடத்துங்க."

தாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாவது கொட்டையை வைத்தார்.

"புதன்?"

அழகுமலையின் குரல் தானாகத் தணிந்தது. பெண்டாட்டியின் தம்பி வீரணன்.

"புதனா மச்சான்? முந்தின நாள் செவ்வாய் எங்க ஊர்ல காப்புக் கட்டுறாங்க. இந்த வருசம் நான் தீச்சட்டி எடுக்கிறேன். பையன் காய்ச்சல்ல பிழைச்சதுக்கு நேர்ந்தது. சரி மச்சான், நீங்க பாத்துச் செய்யுங்க."

மூன்றாவது கொட்டை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தாயி. தங்கமான பய. எங்கண்ணன் மாதிரி துண்டை உதறலை, தங்கச்சி மாதிரி மூக்கைச் சிந்தலை. எங்க சத்தம் குறைச்சலோ அங்கதான் குத்தமும் குறைச்சல்னு கணக்குப் போட்டுப் புதன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க ஒரு வார்த்தை நல்லதுன்னு சொல்லிட்டா, சம்பந்திகிட்ட அதையே சொல்லிருவேன்."

தாயி நல்லது என்று சொல்லவில்லை. முதல் கொட்டையை விரலால் தொட்டார்.

"உங்க அண்ணன் குரல்ல, 'வெள்ளிக்கிழமை வச்சா நான் வரமாட்டேன்'னு சொல்லுங்க."

"அவரு அப்படிச் சொல்லலையே தாயி."

"நீங்க சொல்லுங்க. வருதா பாப்போம்."

அழகுமலை கனைத்தார். அண்ணனாக நிமிர்ந்தார். "வெள்ளிக்கிழமை வச்சா நான்..." நின்றது. இன்னொரு தரம் கனைத்தார். "நான்..." வாய் கோணிக்கொண்டது. பிறகு அண்ணன் தானாகவே பேசினார்.

"நான் வராம? என் தம்பி மகளுக்கு நான் வராம எவன் சந்தனம் எடுப்பான்? சந்திராஷ்டமத்துக்கு விபூதி பூசிக்கிட்டா சரியாப்போச்சு. வண்டியை வெள்ளெனயே அனுப்பச் சொல்லு. முன்சீட்டு எனக்கு."

அழகுமலை வாயைப் பொத்திக்கொண்டார். தாயி கொட்டையைச் சுண்டிவிட்டார். அது முற்றத்தில் துள்ளி ஓடியது.

"இப்ப தங்கச்சி."

இருளாயி முந்தானையைச் சரிசெய்தாள். "திங்கக்கிழமை நான் வர..." மூக்கை உறிஞ்சினாள். "வராம என்ன செய்ய? திதி குடுக்கிறது என் கொழுந்தன். நானா பிண்டம் உருட்டுறேன்? முதப் பந்தியில சொல்லி வச்சிருண்ணே, எனக்கு வடை ரெண்டு சேத்துப் போட."

அந்தக் கொட்டையும் முற்றத்துக்குப் போனது.

அழகுமலைக்கு நெஞ்சு லேசானது. இந்த வெத்துச் சலசலப்புக்கா ரெண்டு ராத்திரி முழித்தோம் என்றிருந்தது. அடுத்ததையும் சட்டென்று முடித்துவிடலாம் என்று, கேட்காமலேயே வீரணனாகத் தலையைக் குனிந்தார்.

"மச்சான், என்னால வர முடியாது."

தடங்கலே இல்லை. கனைப்பு இல்லை, முந்தானை இல்லை. அந்தக் குரல் முன்பே அங்கே வந்து காத்திருந்த மாதிரி வெளியே வந்தது.

சுத்தியல் அவர் கையிலேயே நின்றது.

"காப்புக் கட்டினவன் ஊர் எல்லை தாண்டக்கூடாது தாயி," என்றார். இப்போது அது அவருடைய சொந்தக் குரல். "எனக்குத் தெரிஞ்ச விசயம்தான்."

தாயி மூன்றாவது கொட்டையைத் தொடவில்லை.

"செவ்வந்திக்குக் காது குத்தினப்ப யார் மடியில உக்காந்திருந்தா?"

"வீரணன் மடியிலதான். அவ அழுததைவிட அவன்தான் அதிகம் அழுதான்."

"புதன்னு சொன்னப்ப செவ்வந்தி என்ன சொன்னா?"

"சரிப்பான்னா."

"அவ குரல்ல."

"சரிப்பா," என்றார் அழகுமலை. மகளுடைய குரல்தான். ஆனால் தணிவு அப்படியே வீரணனுடையது. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் அந்த ஒரு ஒற்றுமை இருப்பதை அவர் தொண்டைதான் முதலில் கண்டுபிடித்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சம்பந்தி தவசி. வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"கும்பிடுறேன் தாயி. என்ன சம்பந்தி, நாள் உண்டா இல்லையா? எங்க வீட்ல ஆளுக்கு ஒரு பேச்சு. என்னால முடியலை பாத்துக்கங்க."

அழகுமலை எழுந்தார். கையில் புளி ஒட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை சம்பந்தி. வியாழன் சந்தை. காயெல்லாம் புதுசாக் கிடைக்கும். செவ்வாய்க்கு முன்னாடியும் ஆச்சு. என் மச்சான் காப்புக் கட்டுறதுக்குள்ள மருமகளை மணவறைக்குக் கூட்டிவந்துருவான்."

"வெள்ளியா?" தவசி நாடியைத் தடவினார். "வெள்ளிக்கிழமை என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு ஏதோ... இந்தக் கிழமையில ஏதோ ஒண்ணு..."

அழகுமலையும் தாயியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"அவரு வரமாட்டாராமா சம்பந்தி?"

"வராம? சோறு இருக்கிற இடத்துக்கு அவரு வராம இருந்திருக்காரா?" தவசி அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா. நாளுன்னு ஒண்ணு சொன்னீங்களே. வேற இடம் பாக்கிறேன்னு சொல்லிவிட்டதுலருந்து என் மகன் என்கிட்டப் பேசலை பாத்துக்கங்க. குடிக்கத் தண்ணி குடுங்க."

தண்ணீரோடு ரசமும் கொடுத்தார்கள். இந்தத் தரம் அழகுமலை அதில் உப்புப் போட மறக்கவில்லை. தவசி ரெண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, வெற்றிலைபாக்கு மாற்றிக்கொண்டு, வந்த வேகத்திலேயே மகனிடம் சொல்லப் போனார்.

அழகுமலை மீதிப் புளியை அள்ளினார். பாதி அள்ளும்போதுதான் கை மறுபடி நின்றது.

"தாயி."

"சொல்லுங்கண்ணே."

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு மௌனம்."

"ஆமா."

"இத்தனை வருசமா வெள்ளிக்கு வெள்ளி உங்க வாயிலிருந்து ஒரு சொல்லு வந்ததில்லை. கூடவே இருந்து சமைக்கிற எனக்கு அது மறந்துபோச்சு. நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

தாயி புளிக்கூடைக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்க வாழ்த்தாம என் மக எப்படித் தாயி மாலையைக் கழுத்துல போடுவா? இப்பவே ஓடிப்போய்ச் சம்பந்தியைப் பிடிச்சுத் திங்கக்கிழமைன்னு மாத்திரட்டுமா?"

மூடி அடுப்படியில் கிடைத்தது. தாயி அதைக் கூடையின் மேல் வைத்து அழுத்தினார்.

"நான் வரமாட்டேன்னு சொன்னேனா? வந்து செவ்வந்தி பக்கத்துல நின்னுக்கிட்டுச் சிரிக்கிறேன். வாழ்த்தை நீங்க சொல்லிருங்கண்ணே. என் குரல்தான் உங்ககிட்ட இருக்கே."