குளக்கரையில் விழுந்த சிவப்புக் கோடு

அன்று மருதங்குளத்தில் கூடியவர்கள்: எருமை ஒன்று, குரங்கு ஒன்று, மைனா ஒன்று, ஆமை ஒன்று, தவளைகள் ஒன்பது, தாய் எலி ஒன்று, அதன் குட்டிகள் ஆறு. ஆக மொத்தம் இருபது. குரங்கு கொண்டுவந்து குவித்த கற்கள் நாற்பது.

எலியின் வளையை அடைப்பதற்குத்தான் அந்தக் கற்கள்.

போன ஆண்டு மழையில் குளக்கரை ஓரிடத்தில் வழிந்தது. தவளைகளின் தலைப்பிரட்டைகள் எல்லாம் நீரோடு போய்விட்டன. எந்த இடத்தில் வழிந்தது என்று இருட்டில் யாரும் பார்க்கவில்லை. அதனால் இந்த ஆண்டு கரையை நான்கு பங்காக்கி மண் போட்டு உயர்த்தினார்கள். எருமைக்கு ஒரு பங்கு, குரங்குக்கு ஒரு பங்கு, எலிக்கு ஒரு பங்கு. ஆமையும் தவளைகளும் சேர்ந்து ஒரு பங்கு.

இப்போது மறுபடியும் மேகம் திரண்டு நின்றது.

"எலியோட பங்குதான் குள்ளம்!" என்றது எருமை. "என் பங்கு என் முழங்கால் உயரம். எலி போட்டது என் குளம்பு உயரம்தான் இருக்கு! போன தடவையும் தண்ணி அந்த வழியாத்தான் போயிருக்கும்."

"அண்ணே, நான் மூணு எலி உயரத்துக்குப் போட்டிருக்கேன்!" என்றது எலி.

"மூணு எலி சேர்ந்தாத்தான் ஒரு குளம்பு!" என்றது குரங்கு. தவளைகள் ஒன்பதும் சிரித்தன.

"வளை தோண்டுறவளுக்குக் கரையில என்ன வேலை? மழைக்கு முன்னால குட்டிகளைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு!" என்றது எருமை.

எலி குட்டிகளைத் தன்னோடு அணைத்துக்கொண்டது. "வயல் முழுக்கத் தண்ணி நிக்குது. ஆறு பிள்ளைகளுக்கும் நீந்தத் தெரியாது. நான் எங்கே போவேன்?"

ஆமை தலையை நீட்டியது. "ஒருத்தர் முழங்கால்னு சொல்றார். ஒருத்தர் எலின்னு சொல்றார். இந்தக் கணக்கை நான் எப்படிக் கூட்டுறது?"

"அதுக்கு ஒரு பெட்டி இருக்கு!" என்று மைனா கத்தியது. மைனாவின் கூடு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. "புது வகுப்பறைச் சுவர்ல கொத்தனார் டைல்ஸ் ஒட்டுறார். அவர் பெட்டி சிவப்பா ஒரு கோடு போடும். அந்தக் கோடு மேலயும் ஏறாது, கீழயும் இறங்காது. அதுக்கு யார் காலும் தெரியாது!"

"நெருப்பா?" என்று தவளைகள் பின்வாங்கின.

"ஒளிதான். லேசர்னு பேரு. டார்ச் வெளிச்சம் போகப் போக விரிஞ்சு மங்கிடும். லேசர் அவ்வளவா விரியாது. ஒரே நிறமா, ஒரே நேரா, ரொம்ப தூரம் போகும். மூணாம் வகுப்பு டீச்சர் சொன்னாங்க, ஜன்னல்ல உக்காந்து கேட்டேன். கடையில சாமான் மேல கறுப்புக் கோடு கோடா இருக்குமே, அதைப் படிக்கிறதும் லேசர்தான். கண் ஆஸ்பத்திரியில டாக்டர் கண்ணைச் சரிபண்ணுறதும் லேசர்தான்."

"கொண்டு வா!" என்றது எருமை. "எலியோட குட்டு வெளிப்படட்டும்!"

கொத்தனார் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம். குரங்கு போய்ப் பெட்டியை எடுத்து வந்தது. எருமையே குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, குளத்தின் நடுவில் இருந்த பாறைக்கு நீந்திப் போனது. போன ஆண்டு நீர் அந்தப் பாறையின் தலைவரை ஏறியிருந்தது. பெட்டியைப் பாறைமேல் வைத்தால் அதன் கோடு அதற்கு நான்கு விரல் மேலே வரும்.

"ஒண்ணு கேளுங்க!" என்றது மைனா. "அந்த ஒளியை யாரும் நேராப் பாக்கக் கூடாது. யார் கண்ணுக்கு நேராவும் திருப்பக் கூடாது. கண் கெட்டுடும்! டாக்டர் படிச்சவர். நாம படிக்கலை. பாறைக்கு முதுகைக் காட்டி நின்னு, கரையில விழுற கோட்டை மட்டும் பாருங்க."

ஒரு தவளை மெல்லத் திரும்பியது. ஆமை அதைத் தன் ஓட்டால் தள்ளி நேராக நிறுத்தியது.

பெட்டி உள்ளுக்குள் சற்று ஆடி, தானே சமநிலைக்கு வந்தது. மேகத்தால் மங்கியிருந்த கரையில் சிவப்புக் கோடு பளிச்சென்று விழுந்தது. குரங்கு பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது.

ஆமையும் தவளைகளும் கட்டிய பங்கில் கோடு விழுந்தது. குரங்கின் பங்கிலும் விழுந்தது. அடுத்தது எலியின் பங்கு.

கோடு விழுந்தது! அதற்கு மேலும் இரண்டு விரல் மண் இருந்தது.

"பெட்டி தப்பு!" என்றது எருமை.

"என் பங்கைக் காட்டினப்போ சரியாத்தானே இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே, குரங்கு பெட்டியை எருமையின் பங்குக்குத் திருப்பியது.

அங்கே கோட்டையே காணவில்லை. அது கரையைத் தாண்டிப் போய், அப்பாலிருந்த மருத மரத்தின் அடியில் விழுந்திருந்தது.

ஆமை ஊர்ந்து போய்ப் பார்த்தது.

"எருமையண்ணே, நீங்க தினமும் படுத்துப் புரளுற இடம் இது. தரையே குழியாயிடுச்சு. குழியில நின்னு அளந்தீங்க, முழங்கால் வந்தது. எலி இருக்கிறது மேட்டுல. அங்கே நின்னு அளந்தீங்க, குளம்பு வந்தது."

பெட்டியைப் பாறையிலேயே விட்டுவிட்டுக் குரங்கோடு கரைக்கு நீந்தி வந்த எருமை தலையைத் தொங்கப் போட்டது. "தலைப்பிரட்டைகள் போனதும் என் வழியாத்தான்" என்று தவளைகளிடம் சொன்னது. பிறகு எலியிடம் வந்தது. "தங்கச்சி, உன்னைப் பிள்ளைகளோட துரத்தப் பார்த்தேனே!"

"அதை அப்புறம் பேசலாம் அண்ணே. வானத்தைப் பாருங்க! கல்லுதான் தயாரா இருக்கே, எடுத்து வைங்க!" என்றது எலி.

எருமை மண் தள்ளியது. குரங்கு கல் அடுக்கியது. ஆமை எண்ணியது. முப்பத்து நான்காவது கல்லை வைத்ததும் சிவப்புக் கோடு அதன்மேல் விழுந்தது.

"போதும்!" என்றது ஆமை.

கொத்தனார் விழிப்பதற்குள் பெட்டி அதன் இடத்துக்குப் போய்விட்டது. அதில் சேறு எப்படி வந்தது என்று அவர் யோசித்தபடியே துடைத்தார்.

மூன்று நாள் மழை கொட்டியது. நீர் பாறையின் தலைவரை ஏறி, கோட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றுவிட்டது. கரை எங்கும் வழியவில்லை. நான்காம் நாள் வெயில் வந்ததும் ஆமை எல்லோரையும் எண்ணியது. அதே இருபது! அப்பாடா என்று அது தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

அவரவர் காலால் அளந்தால் அவரவர் பக்கமே உயரமாகத் தெரியும். எல்லோருக்கும் பொதுவான கோட்டில் அளந்து பார்க்காமல் பிறரைக் குறை சொல்லக் கூடாது.

எலிக்குட்டிகள் குளக்கரையில் ஆளுக்கொரு கல்லின்மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்தன: நாற்பதில் முப்பத்து நான்கு போக, மிச்சம் ஆறு.