வேட்டியின் மறுமுனை

கோமதிநாயகம் சாமிக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. அதனால் சீடர் குருவை 'சாமி' என்பார், குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள், ஸ்ரீவைகுண்டத்தில் அவர்கள் தங்கியிருந்த மடத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவள் பேச்சிமுத்துவின் மகள் பொன்செல்வி. மனைவி இறந்த துக்கத்தில் அவளைக் கல்லிடைக்குறிச்சியில் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு அவர் கிளம்பி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

'வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். வருவதானால் அழுக்கு வேட்டியோடு வந்து நிற்க வேண்டாம். நாலு பேர் பார்ப்பார்கள்.'

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். பேச்சிமுத்து அதைப் பத்துத் தடவை படித்தார்.

மடத்தில் ஒரு புது வேட்டி கொடுத்தார்கள். கஞ்சி போக அதை அலசி, அவசரத்தில் அரைகுறையாகக் காய வைத்து மடித்துக்கொண்டார். மறுநாள் இருவரும் ஆற்றோரமாகக் கல்லிடைக்குறிச்சிக்கு நடக்கத் தொடங்கினார்கள். மூன்று நாள் நடை.

குருவிடம் இருந்தது இரண்டே வேட்டி. ஒன்றை உடுத்துவார், ஒன்றைத் துவைப்பார். துவைத்ததை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். வேட்டி காய்ந்துவிடும்.

"உங்க புது வேட்டியையும் எடுங்க அண்ணாச்சி. ஓரத்துல ஈரம் இருந்துச்சே."

"லாரி போற ரோடு சாமி. தூசி பட்டுரும்."

"படும். நாளைக்கும் ஆறு இருக்குல்லா."

பேச்சிமுத்து கேட்கவில்லை. பாலிதீன் பையில் வைத்து, வாயை இறுக்கி முடிந்து, மழை வந்தபோதெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பெற்ற மகளை அப்படி அணைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

இரண்டாம் நாள், குருவின் ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது கேட்டார்:

"சாமி, ஒத்தையில போறவன் எப்படிக் காய வைப்பான்?"

"நான் பத்து வருசம் ஒத்தையிலதான் திரிஞ்சேன். ஒரு முனை மண்ணுலதான் கிடக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க வந்தீங்க."

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் குளித்துவிட்டுப் பேச்சிமுத்து பையைப் பிரித்தார். குப்பென்று வாடை வந்தது. மடிப்புக்கு மடிப்பு கரும்புள்ளி. கட்டியிருந்த வேட்டியோ முழங்கால் வரை சேறு.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போங்க சாமி. நான் இங்கேயே இருக்கேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதுகூட என்னால முடியல."

குரு தன்னுடைய மாற்று வேட்டியை எடுத்தார். நாலைந்து இடத்தில் தையல் போட்ட பழசு, ஆனால் தினமும் ஆறு கண்டது. அதைத் துவைத்துப் பிழிந்து ஒரு முனையை நீட்டினார்.

"பிடிங்க அண்ணாச்சி. இது இனி உங்களுக்கு. போய்ச் சேருமுன்ன காஞ்சிரும்."

காயவில்லை. வெயிலைக் காணோம். தெருமுனை வந்தது, பந்தல் தெரிந்தது.

"கொஞ்சம் நிப்போம் சாமி. காயட்டும். இந்தச் சேத்தோட எப்படி..."

குரு நிற்கவில்லை. அவர் கையில் ஒரு முனை இருந்ததால் பேச்சிமுத்துவும் நடக்க வேண்டியதாயிற்று.

பந்தலடியில் பொன்செல்வி உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் மருதாணி அப்பியிருந்தது. தெருவில் ஈர வேட்டியோடு வரும் இரண்டு பேரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வந்தாள். அப்பாவின் நரைத்த தலையைப் பார்த்தாள், சேறு படிந்த வேட்டியைப் பார்த்தாள்.

பேச்சிமுத்து மூன்று நாளாக எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"இன்னும் காயலம்மா" என்றார்.

அவள் இன்னும் ஓர் எட்டு கிட்டே வந்தாள்.

"எனக்குக் கை வலிக்கு தாயி" என்றார் குரு. "இந்த முனையைக் கொஞ்சம் பிடி."

அவள் சட்டென்று வாங்கிப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் கையில் மருதாணி இருந்தது நினைவு வந்தது. வெள்ளை வேட்டியில் பத்து விரலும் அப்படியே பதிந்துவிட்டன.

"ஐயோ எப்பா! வேட்டி வீணாப் போச்சே!"

சொன்னவள் முனையை விடவில்லை. விட்டால் மண்ணில் விழும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பேச்சிமுத்துவுக்கும் கண்ணீர் மறைத்தது. பழைய பழக்கத்தில் குருவிடம்தான் கேட்டார்.

"சாமி, இது துவைச்சாப் போகுமா?"

குரு குனிந்து அந்தக் கறையை நன்றாகப் பார்த்தார்.

"போகாது அண்ணாச்சி. கட்டிக்கிடுங்க."