சவரியம்மாளின் நனைந்த பெட்டி

1985. சென்னையில் பழைய கார் கண்காட்சி. மில் முதலாளி கஜபதி தன் கறுப்பு லண்டன் டாக்ஸிமேல் சாய்ந்துகொண்டு அளந்துகொண்டிருந்தார். "1951-ல செஞ்சது. இல்லைன்னு நிரூபிக்கிறவங்கள நானே டிரைவரா உக்காந்து மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

டீ விற்க வந்த சவரியம்மாள் பெருமூச்சு விட்டாள். அதே வருஷம் வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு ஆயாவாக லண்டன் போனவள் அவள்.

"குடுத்துவச்ச காருங்கய்யா. நான் அங்க பாத்த டாக்ஸியில எல்லாம் டிரைவர் பக்கத்துல சீட்டும் இல்ல, கதவும் இல்ல. பெட்டி வைக்கிற இடம், திறந்தே கிடக்கும். துறைமுகத்துலேருந்து வீடு வரைக்கும் மழை. பெட்டி நனைஞ்சு, எங்கம்மா குடுத்த சிவப்புச் சேலை சாயம் போயி, என் வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸாயிடுச்சு. உங்களுக்கு மட்டும் அப்பவே கதவு போட்டுக் குடுத்துட்டாங்களே!"

மதிப்பெண் போட வந்த நடுவர் அந்தக் கதவைத் திறந்து பார்த்தார். "இது ஏழெட்டு வருஷம் கழிச்சு வந்த மாடல்" என்று சிரித்தபடி கார் முன்னால் வைத்த பலகையில் இருந்த வருஷத்தை அடித்தார்.

கஜபதி கோட்டைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். சவரியம்மாள் டீ கேனை அவர் பக்கத்தில் வைத்து, கதவை அழுத்திச் சாத்தினாள். பின்னால் ஏறி உட்கார்ந்து கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"மழை வந்தாலும் பரவாயில்ல டிரைவர், மெதுவாவே போங்க."