பெத்தபெருமாள் மோதிரம் கடலில் விழுந்த கதை

கொட்டாங்குளத்துக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். கூடவும் செய்ய மாட்டார்கள், குறையவும் செய்ய மாட்டார்கள். அந்த ஊர்த் தங்கங்கள் மூன்று பேர், பெத்தபெருமாள், வண்டிமலையான், ஆழ்வாரப்பன், அந்தமானுக்குச் சுற்றுலா போய், ஸ்கூபா டைவிங் பண்ண ஒரு படகில் ஏறினார்கள்.

சொல்லிக்கொடுப்பவர் தூத்துக்குடிக்காரர் ரெக்ஸ்லின்.

"அண்ணாச்சி, உள்ள மூச்சை அடக்கக் கூடாது, விட்டுக்கிட்டே இருக்கணும். எதையும் தொடக் கூடாது. மேல வரும்போது போட்டோவைத் தவிர ஒரு சிப்பிகூடக் கொண்டுவரக் கூடாது."

வண்டிமலையான் அப்போதே மூச்சை விட ஆரம்பித்தார். விட்டார், விட்டார், முகம் கத்தரிக்காயாகும்வரை விட்டார்.

"இழுக்கவும் செய்யணும் அண்ணாச்சி!"

"அதை நீரு சொல்லலையே!"

ஒருவழியாக இறங்கினார்கள். இருபதடி ஆழத்தில் பெத்தபெருமாளின் கல்யாண மோதிரம் நழுவி மணலில் விழுந்தது. மனுசனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வெறும் விரலோடு வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி வாசல்படி மிதிக்க விடுவாளா?

மூவரும் மோதிரத்தைச் சுற்றி நின்றார்கள். தொடக் கூடாதே! நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள்.

படகில் பஞ்சாயத்து கூடியது.

"போட்டோவைக் காட்டுனா மதினி ஒத்துக்கிடுவாளா?" என்றார் ஆழ்வாரப்பன்.

"நாலு போட்டோ இருக்குல்லா. விரலுக்கு ஒண்ணா ஒட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றார் வண்டிமலையான்.

பெத்தபெருமாள் அழுதே விட்டார். ரெக்ஸ்லின் தலையில் அடித்துக்கொண்டு, தானே குதித்து மோதிரத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

பெத்தபெருமாள் கேமராவைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார்.

"இது என்னோடது இல்ல. போட்டோவுல இருக்கது பெருசு. நீலம் வேற."

"தண்ணிக்குள்ள எல்லாம் அப்படித்தான் தெரியும் அண்ணாச்சி! போட்டுப் பாருங்க."

போட்டார். கச்சிதமாக இருந்தது.

"ஐயோ பாவம், எவனுக்கோ என் விரலாட்டமே விரலு!"

"உள்பக்கம் பேரு வெட்டியிருக்கே, படிங்க!"

பெத்தபெருமாள் கழற்றிப் படித்தார். கண் கலங்கிவிட்டது.

"வே, இவன் பெண்டாட்டி பேரும் சொர்ணாம்பாதான்! எனக்கு வாய்ச்ச மாதிரியே இவனுக்கும் வாய்ச்சிருக்கே. மோதிரம் இல்லாமப் போனா என்ன பாடு படுவானோ! தேடி வந்தா இங்கதானே தேடுவான்?" என்று சொல்லி, மோதிரத்தை விழுந்த இடமாகப் பார்த்துக் கடலில் போட்டார்.