குழல்வாயில் துரு

லாசர் துப்பாக்கி பழுது பார்ப்பவர். சுயம்பு மூன்று வருடமாக அவரிடம் தொழில் படிக்கிறவன். ஆசானை விட வயதில் மூத்தவன். சுயம்புவின் தம்பியை வெட்டிக் கொன்ற கோயில்ராசு ஜாமீனில் வெளியே வந்த வாரம், மலையடிவாரத்தில் லீவர் துப்பாக்கி ஒன்று விலைக்கு வருகிறது என்று ஆசானை அழைத்துப் போனான். எதற்கென்று மறைக்கவில்லை.

"கோயில்ராசுக்கு ஒரே குண்டு. நல்ல துப்பாக்கின்னு எப்படிக் கண்டுபிடிக்கது, ஆசானே?"

"பாத்துத்தான் சொல்லணும், அண்ணே."

விற்கிறவர் பெயர் பாக்கியமுத்து. சாக்கில் சுற்றிய துப்பாக்கியைத் தரையில் வைத்தார். கையில் தரவில்லை.

சுயம்பு எடுத்த எடுப்பில் குழலுக்குள் கண்ணை வைத்தான். ஆசான் குழலைத் தட்டிவிட்டார்.

"உள்ள தோட்டா இருக்கான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவன் படித்த முதல் பாடமே அதுதான். கோபம் வந்தால் படிப்பு எங்கே நிற்கும்?

லீவரை ஐந்தாறு தடவை இறக்கி ஏற்றினான். தோட்டா எதுவும் விழவில்லை. திருகுகளை யாரும் நோண்டவில்லை. கட்டையில் கீறல் இல்லை. குழலின் அடியில் பெருவிரல் நகத்தை வைத்து, நகத்தில் பட்ட வெளிச்சத்தில் மறுமுனை வழியாகப் பார்த்தான்.

"கண்ணாடி மாதிரி இருக்கு, ஆசானே. வாய்கிட்ட மட்டும் அரை விரல் துரு. மழைத்தண்ணி இறங்கிருக்கும்."

ஆசான் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி இல்லண்ணே. ரத்தம். உடம்புல ஒட்டவச்சுச் சுட்டா குழல் உள்ள இழுக்கும்."

பாக்கியமுத்து பக்கம் திரும்பினார். "யாரு?"

"எங்க அண்ணன்" என்றார் அவர். "மகனைக் கொன்னவனைச் சுடணும்னுதான் இதை வாங்கினான். சுட்டான். செத்தவன் பொண்டாட்டி கைப்பிள்ளையோட ஓடிவந்து பொணத்து மேல விழுந்தா. அதைப் பாத்துட்டு வந்தவனுக்கு சோறு இறங்கல. மூணாம் நாள் விடியக்காலம், தாடைக்குக் கீழ வச்சு..."



 ஆனாலும் சுயம்பு கேட்டான். "துப்பாக்கி எப்படி, ஆசானே?"

ஆசான் அதை அவன் மடியில் வைத்தார்.

"நல்ல துப்பாக்கி, அண்ணே. வாங்கினவர் கேட்ட ரெண்டு உசுரையும் ஒழுங்கா எடுத்திருக்கு."