வலியை விழுங்கிய குடுவை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஓர் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் வேங்கைபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்குத் தன் பெயர் மேல் கொள்ளை ஆசை. வெறும் மணிமாறன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. மலைகளைப் பணியவைத்தவன், மேகங்களுக்கு வழி சொல்பவன், பகைவர் கனவில் புலியாக வருபவன் என்று தொடங்கி, ஒரு பக்கம் முழுக்க நிரம்பிய பிறகுதான் மணிமாறன் வர வேண்டும். ஆட்டுப்பட்டிக்கு வேலி போடச் சொல்லும் உத்தரவானாலும் அப்படித்தான்.

இதற்கென்றே அரண்மனையில் ஓர் எழுத்து மண்டபம் இருந்தது. எழுத்தர்கள் தரையில் சம்மணமிட்டு, தாழ்ந்த பலகை மேல் கவிழ்ந்து எழுதுவார்கள். ராஜாவின் பெயர் முடியும் வரை தலை நிமிரக் கூடாது என்பது மண்டபத்து விதி. ஒரு பெயர் முடிவதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிடும். ஆகவே அங்கே யாரும் நிமிர்ந்ததில்லை.

அவர்களில் ஒருத்தி நீலாயி. இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். மின்னி என்று ஒரே மகள். நீலாயியின் எழுத்து வாழைப்பூவின் மடல் போல வரிசை பிசகாமல் இருக்கும். அந்த அழகுக்கெல்லாம் கழுத்து விலை கொடுத்தது. காலையில் பிடரியில் ஓர் எறும்பு கடிக்கும். உச்சிவேளையில் தேள் கொட்டும். பொழுது சாய்ந்தால் முதுகுத்தண்டில் யாரோ ஆப்பு அடிப்பார்கள். அவளுக்கு மட்டுமா, எல்லோருக்கும் அப்படித்தான். மண்டபத்தில் எழுதும் சத்தத்தைவிட முனகும் சத்தம் அதிகமாகிவிட்டது.

முனகல் ராஜாவின் தூக்கத்தைக் கெடுத்தது. தெற்கேயிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார்கள். தோளில் ஒரு சுரைக்குடுவை, முகத்தில் ஒரு சிரிப்பு. மண்டபத்தைச் சுற்றி வந்து, மூன்றில் ஒன்று தருகிறேன், கேளுங்கள் என்றான்.

“ராஜா பெயரைச் சுருக்கட்டுமா? பலகையை உயர்த்தட்டுமா? வலியை எடுத்துவிடட்டுமா?”

எழுத்தர்கள் கூடிப் பேசினார்கள். பெயரைச் சுருக்குவதா? அந்தப் பட்டங்களைக் கட்டியவர்களே அவர்கள்தான். இந்த அடைமொழி என் தாத்தா போட்டது, அந்த அடைமொழி என் மாமன் போட்டது என்று சண்டை வந்தது. பலகையை உயர்த்துவதா? அது இன்னும் வம்பு. மண்டபத்தில் பலகையின் உயரம்தான் மரியாதை. தலைமை எழுத்தர் திருமேனியாருக்கு நாலு விரல் உயரம். மற்றவர்களுக்கு மூன்று, இரண்டு, ஒன்று. எல்லாப் பலகையும் உயர்ந்துவிட்டால் யார் பெரியவர் என்று எப்படித் தெரியும்? திருமேனியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, வலியையே எடுத்துவிடு என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீலாயியும் ஆட்டினாள். வீட்டில் குழந்தை காத்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மந்திரவாதி குடுவையைத் திறந்தான். பிடரியிலிருந்தும் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வலி புகையாக எழுந்து உள்ளே போயிற்று. மூடியை இறுக்கி, மண்டபத்து உத்தரத்தில் உயரத் தொங்கவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம் என்ன? சுகம். வலிக்காத முதுகு எவ்வளவு வேண்டுமானாலும் வளையும். வளைந்தது. ஒரு மழைக்காலத்தில் தோள் முன்னால் வந்தது, அடுத்ததில் தலை தாழ்ந்தது, அதற்கும் அடுத்ததில் மோவாய் மார்பில் பதிந்து நின்றுவிட்டது. எழுத்தர்கள் தெருவில் நடந்தால் கொக்கிகள் நடப்பது போல் இருக்கும். அவர்களுக்கு மண் தெரியும், காலடி தெரியும், பலகை தெரியும். வானம் இருக்கிறதென்று மற்றவர்கள் சொல்லிக் கேள்வி.

மின்னி இடுப்புயரம் இருந்தவரை நீலாயிக்கு மகள் முகம் தெரிந்தது. பிறகு அவள் கழுத்து தெரிந்தது, பிறகு கைகள், பிறகு பாதங்கள் மட்டும். கொஞ்சம் குனிந்து முகத்தைக் காட்டு கண்ணு என்று ஒருநாள் கேட்டாள். எழுத்தர்களைக் குனிந்து பார்த்தால் அந்தக் கூன் ஒட்டிக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு. மின்னி பின்னால் நகர்ந்தாள்.

“மாட்டேன் அம்மா. என்னைக் குனியச் சொல்லாதே.”

நீலாயி அதன் பிறகு கேட்கவில்லை.

வருஷங்கள் போயின. மின்னிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஆற்றுக்கு அக்கரையில், மலைகளுக்கும் அப்பால் உப்பு விற்கிறவன். பெண் போனால் திரும்பி வருவது லேசில்லை. ஊரே வந்து பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றது. நீலாயி தரையைப் பார்த்தபடி, அப்படியா என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் உச்சிவேளை. எழுத்தர்கள் பலகை மேலேயே சோற்றை வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நீலாயிக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் உத்தரத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

எழுந்திரு. நட. நிமிர்ந்து பார்.

“யார் அது?” என்றாள்.

“உன் வலிதான். இத்தனை வருஷமாகக் கத்துகிறேன், இப்போதுதான் உனக்குக் காது கேட்கிறது.”

“நீ போனதால்தான் நிம்மதியாக இருக்கிறோம்.”

“நிம்மதியா? நான் கடித்தபோதெல்லாம் எழுந்திரு என்றுதானே சொன்னேன். சொன்ன வாயை அடைத்து மேலே தொங்கவிட்டீர்கள்.”

நீலாயி சோற்றைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்.

“உன்னை இறக்கிவிட்டால் என் மகள் முகத்தைக் காட்டுவாயா?”

“நான் ஒன்றும் காட்ட மாட்டேன். வலிப்பேன், அவ்வளவுதான். விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்து வலிப்பேன். பார்ப்பது உன் பாடு.”

மூலையில் ஒட்டடைக் கோல் சாத்தியிருந்தது. நீலாயி தடவி எடுத்தாள். மேலே பார்க்க முடியாது; குரல் வந்த பக்கமாக வீசினாள். முதல் வீச்சு உத்தரத்தில் பட்டது. இரண்டாம் வீச்சு ராஜாவின் படத்தைக் கிழித்தது. மூன்றாம் வீச்சில் குடுவை உடைந்தது.

மண்டபம் அலறிய அலறலில் அரண்மனைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. திருமேனியார் தரையில் புரண்டபடி, பாவி, உன்னை யாரடி கேட்டது என்றார். அவளோடு அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அன்று முதல் யாராலும் தொடர்ந்து உட்கார முடியவில்லை. தண்டித்துப் பார்த்தார்கள், வலி ராஜாவுக்குப் பயப்படவில்லை. எழுதாமல் ராஜ்யம் நடக்காது. வேறு வழியில்லாமல் ராஜா, வெறும் மணிமாறன் என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். செங்கல் அடுக்கி எல்லாப் பலகைகளையும் கண்ணுக்கு நேராக ஏற்றினார்கள். ஓர் ஏடு எழுதினால் கிணற்றடி வரை நடை. வறுத்த உப்பை மூட்டை கட்டிப் பிடரியில் ஒத்தடம். காலையும் மாலையும் தூணில் முதுகைச் சாய்த்து, தோளைப் பின்னுக்குத் தள்ளி நிற்பது. நீலாயி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தினம் ஓர் எள்ளளவு நிமிர்ந்தாள். மகளின் கொலுசு தெரிந்தது, பிறகு வளையல், பிறகு மருதாணிக் கை. கல்யாணத்தன்று தாலி தெரிந்தது. அதற்கு மேல் கழுத்து எழும்பவில்லை.

படகுத்துறைக்கு எல்லோரும் போனார்கள். மின்னி படகில் ஏறி நின்றாள். ஓடக்காரன் கோலை ஊன்றினான். நீலாயி இரண்டு கைகளாலும் தன் மோவாயைப் பிடித்து மேலே தள்ளினாள். பிடரியில் ஏதோ முறிந்த மாதிரி இருந்தது. கண்ணில் நெருப்புப் பறந்தது. மின்னி பதறிப்போய்ப் படகின் விளிம்பில் மண்டியிட்டாள்.

“விடு அம்மா, வலிக்கப் போகிறது. நான் குனிகிறேன்.”

“வேண்டாம். நீ நில்” என்றாள் நீலாயி.

மின்னி எழுந்து நின்றாள். நீலாயி நிமிர்ந்து பார்த்தாள்.

நல்லவளுக்கு நல்லது நடந்தது என்று சொல்லித்தான் இந்தக் கதையை முடிக்க வேண்டும். நடந்தது. மந்திரம் உடைந்தது, கூன் நிமிர்ந்தது, மகள் முகம் கிடைத்தது. ஆனால் அவள் தேடியது ஒரு குழந்தை முகத்தை. படகில் நின்றவளோ கண்ணோரத்தில் கவலை விழுந்த ஒரு பெண். வழியில் பார்த்திருந்தால் யாரோ என்று போயிருப்பாள். நடுவில் இருந்த முகங்களை எந்தக் குடுவையும் வைத்திருக்கவில்லை. படகு வளைவில் மறையும் வரை நீலாயி தலை தாழ்த்தவில்லை. வலி அவள் பிடரியில் கூடவே நின்றது.