தண்டல் கேட்ட 'இது'

தூத்துக்குடித் துறையில் ஒரு தோணி நின்றது. தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். இந்தத் தோணியின் தண்டல் சந்தியாகு அண்ணாச்சிக்குக் கடலுக்கடியில் இருக்கும் பாறையெல்லாம் பேர் பேராகத் தெரியும். ஆனால் தோணியில் இருக்கும் சின்னச் சாமான் ஒன்றின் பேரும் வாயில் வராது. திருகாணியும் 'இது', கொக்கியும் 'இது', விளக்குத் திரியைத் தூக்கும் குமிழும் 'இது'.

அவரிடம் வேலை பார்த்த மூன்று பேரில் கயித்தான்தான் படித்தவன். இரண்டாம் வகுப்புவரை போனான். அதற்குமேல் பள்ளிக்கூடம் அவனைத் தாங்கவில்லை. தொம்மையும் இன்னாசியும் அவன் சொன்னால் சரி என்பவர்கள்.

வெங்காய மூட்டை ஏற்றிக் கிளம்பும் நேரம். தோணியின் அடியில் கசியும் தண்ணீரை இறைக்கிற பம்பு நின்றுபோனது. தண்டல் கழற்றிப் பார்த்தார்.

"பம்புல இது தேஞ்சுபோச்சு. ஏல கயித்தான், கடைக்குப் போயி நல்ல இதா ஒண்ணு வாங்கிட்டு வா. இந்தத் தடவையும் சொதப்புனீங்க, மூணு பேருக்கும் வேலை கிடையாது!"

மூவரும் நடந்தார்கள்.

"எல்லாச் சாமானுக்கும் எப்படில ஒரே பேரு வந்துச்சு?" என்றான் இன்னாசி.

தொம்மை யோசித்தான். "காத்தடிக்கையில பேரை யோசிச்சா தோணி கவுந்துரும்லா? அவசரத்துல பொறந்த பேரு அது."

"அது இல்லல, இது," என்று திருத்தினான் கயித்தான். "பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க. கிட்ட இருந்தா இது. எட்ட இருந்தா அது. ரெண்டும் வேற வேற."

இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

கடைக்காரர் கேட்டார்: "என்ன வேணும்?"

"இது."

"எது?" அவர் ஒரு கீலைத் தூக்கிக் காட்டினார். "இதுவா?"

"ஆமா."

ஒரு தாழ்ப்பாளைத் தூக்கினார். "இல்ல, இதுவா?"

"அதுவும் இதுதான்," என்றான் கயித்தான் பணிவாக.

கடைக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "எதுல மாட்டுததுக்கு?"

"தோணி பம்புல. தேஞ்சுபோச்சு."

"அட, வாஷரு!" சரியான தோல் வாஷர் ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார்.

அங்கேதான் கஷ்டம் தொடங்கியது. கையை நீட்டிப் பிடித்தால் எட்டப் போய்விடுமே! கயித்தான் அதை மார்போடு அணைத்துக்கொண்டான். மற்ற இருவருக்கும் அது இதுவாகவே இருக்க வேண்டும் என்று மூவரும் ஒட்டிக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்தபடி துறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

மேல்தளத்திலிருந்து தண்டல் கத்தினார்: "அதை வாங்கியாச்சால?"

கயித்தான் வாஷரை இன்னும் இறுக்கிக்கொண்டான். "அதா? நீங்க இதுல்லா அண்ணாச்சி கேட்டீங்க!"

"அதைத்தாம்ல சொல்லுதேன்! தண்ணி ஏறுது, அதைக் கொண்டா!"

மூவரும் கரையிலேயே கூடிப் பேசினார்கள்.

"மனசை மாத்திட்டாரு," என்றான் இன்னாசி. அழுகை முட்டியது. "கடையில மாத்திக் குடுப்பாகளா?"

"எதுக்குக் கடை?" என்றான் கயித்தான். அந்த நேரத்தில் தன் அறிவை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. "எட்ட வச்சா இதுவே அது ஆயிரும்லா?"

துறையில் ஒரு கல்லின்மேல் வாஷரைப் பதமாக வைத்தான். மூவரும் தோணியில் ஏறினார்கள்.

"அது தயாரா இருக்கு அண்ணாச்சி!"

"அப்பாடா! கயித்தை அவுத்து விடுங்கல. போற வழியில மாட்டிக்கிடுதேன்."

தோணி நகர்ந்தது. துறைமுக வாயைத் தாண்டியதும் தண்டல் பம்பின் அருகே குந்தி உட்கார்ந்து கையை நீட்டினார். "எங்கல அது?"

"அதோ!" மூன்று விரல்கள் கரையைக் காட்டின.

தண்டல் கரையைப் பார்த்தார். கணுக்கால்வரை ஏறிவிட்ட தண்ணீரைப் பார்த்தார்.

கயித்தான் அவர் தோளை ஆறுதலாகத் தொட்டான்.

"அவசரப்படாதிய அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச தூரம் போனோம்னா, அது அசல் அதுவாவே ஆயிரும்."